தலை முன்னால் போனால் தாடைக்கு என்ன ஆகிறது? பரிசோதனை முதல் பயிற்சி வரை முழுமையான வழிகாட்டி

நிமிர்ந்து உட்கார்ந்து, பற்களை மெதுவாக டக் டக் என்று இரண்டு மூன்று முறை தட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் முதலில் தொடுகிறது என்று கவனியுங்கள். இப்போது முகத்தைத் தூக்கி, மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி அதே மாதிரி தட்டுங்கள். அப்புறம் மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி இன்னொரு தடவை. பெரும்பாலானவர்களுக்கு அண்ணாந்து பார்க்கும்போது கடைவாய்ப் பக்கம் முதலில் தொடும். குனியும்போது தொடுமிடம் முன்னால் நகர்ந்துவிடும். உங்கள் பற்களில் எதுவும் மாறவில்லை. மாறியது தலையின் சாய்வு மட்டும்தான்.

இந்த வழிகாட்டியின் மொத்த விஷயமும் இந்தச் சோதனைக்குள் இருக்கிறது. காதுக்கு முன்னால் வலி, வாயைத் திறந்தால் 'டக்' சத்தம், காலையில் எழுந்தால் கன்னம் இறுக்கம் என்று வருபவர்கள் தாடையை மட்டுமே காட்டுவார்கள். கழுத்தைப் பற்றிக் கேட்டால்தான், "அதுவும் ரெண்டு வருஷமா பிடிச்சுக்கிட்டுதான் இருக்கு" என்பார்கள். சென்னையில் பிசியோதெரபி செய்யும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஓஎம்ஆரில் லேப்டாப் முன் உட்கார்ந்திருப்பவர், தி.நகரில் தையல் மெஷின்மேல் குனிந்திருப்பவர், சௌகார்பேட்டையில் நகைக்குக் கல் பதிப்பவர் என்று எல்லாருக்கும் பொதுவானது, தோளைவிட முன்னால் போய்விட்ட தலை.

முதலில் கொஞ்சம் உடற்கூறு

இதைத் தாண்டிப் பயிற்சிக்குப் போய்விட வேண்டாம். காரணம் தெரியாமல் செய்கிற பயிற்சியை நான்கே நாளில் விட்டுவிடுவோம்.

காதுத் துளைக்கு முன்னால் உள்ள சின்ன மடலுக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் உருண்டை நகர்வது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலைப்பகுதி. மண்டையோட்டின் பொட்டெலும்பில் உள்ள குழியில் அது உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று மெத்தையாக இருக்கிறது. வாய் திறக்கும் முதல் பாதியில் இந்த உருண்டை பெரும்பாலும் சுழல்கிறது. அதற்குமேல் திறந்தால் வட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் சறுக்குகிறது. வட்டு தன் இடத்தைவிட்டு நழுவி, தாடை அசையும்போது மறுபடி ஏறி உட்காருவதுதான் பலருக்குக் கேட்கும் 'டக்'.

தாடையைத் தாங்குவது எது? நம் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை மேலே உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்குகிறது. அந்தப் பலகையின் அடியிலிருந்து தரைக்கும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது என்று வையுங்கள். உத்தரத்தை முன்னால் நகர்த்தினால் என்ன ஆகும்? தரைக்கயிறு இறுகி, பலகையைக் கீழேயும் பின்னாலேயும் இழுக்கும்.

மேல் சங்கிலிகள் என்பவை கடிக்கும் தசைகள். கன்னத்தில் பல்லைக் கடித்தால் புடைக்கும் மாசெட்டர், நெற்றிப்பொட்டில் விசிறியாக விரியும் டெம்போராலிஸ், தாடையின் உள்பக்கம் உள்ள மீடியல் டெரிகாய்டு ஆகியவை. தரைக்கயிறு இரண்டு துண்டாக இருக்கிறது. மோவாயின் அடியிலிருந்து தொண்டையில் உள்ள ஹையாய்டு எலும்பு வரை ஒரு தசைக் கூட்டம்; அங்கிருந்து மார்பெலும்பு, தோள்பட்டை எலும்பு வரை இன்னொரு கூட்டம். இந்த ஹையாய்டு ஒரு விசித்திரமான எலும்பு. உடம்பில் வேறெந்த எலும்போடும் அது மூட்டாகச் சேருவதில்லை. தசைகளும் தசைநார்களும் பிடித்துக்கொண்டிருக்கும் இழுவையில்தான் அது நிற்கிறது. எனவே தலை எங்கே போனாலும், தோள் எங்கே சரிந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

தலை முன்னால் போய், பார்வை நேராக இருக்க வேண்டுமே என்று மோவாயும் மேலே தூக்கிக்கொள்ளும்போது, கழுத்தின் முன்பக்கம் நீள்கிறது. கீழ்க்கயிறு இறுகுகிறது. தாடை பின்னோக்கி இழுபடுகிறது. வாய் திறந்து கிடக்கக் கூடாதே என்று மாசெட்டரும் டெம்போராலிஸும் சும்மா இருக்க வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் வேலை செய்கின்றன. இந்தக் கூடுதல் வேலை ரொம்பச் சின்னதுதான். தாடை நகர்வதும் மில்லிமீட்டர் கணக்குதான். ஆனால் அது தினமும் எட்டு ஒன்பது மணி நேரம் நடக்கிறது.

பின்கழுத்திலோ வேறு கதை. மண்டையோட்டின் அடிவாரத்தில் உள்ள குட்டித் தசைகள் சுருங்கிக் கிடக்கின்றன. முகத்திலிருந்து வரும் வலிச் செய்தியும் கழுத்தின் மேல் மூன்று நரம்புகளிலிருந்து வரும் வலிச் செய்தியும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரே இடத்தில் வந்து சேருகின்றன. அதனால் மூளைக்குச் சில நேரம் விலாசம் குழம்பிவிடும். தோள்பட்டை மேலே உள்ள டிரபீசியஸ் தசை முடிச்சை அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்கும். கழுத்தின் பக்கவாட்டுத் தசை இறுகினால் கண்ணைச் சுற்றியும் காதுக்குள்ளும் வலிப்பது போலிருக்கும். பல்லில் ஒன்றுமில்லை என்று பல் மருத்துவர் சொல்லியும் தாடை வலி நிற்காதவர்களில் சிலரின் கதை இதுதான்.

இன்னொன்று. வாயைத் திறப்பது தாடையின் வேலை மட்டும் அல்ல. நாம் வாய் திறக்கும்போதெல்லாம் தலை லேசாகப் பின்னால் சாய்கிறது. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டையொட்டி நடந்த ஆய்வுகள் இதைத் துல்லியமாக அளந்து காட்டின. தலையை அசையாமல் கட்டிவைத்தால் வாய் திறப்பே குறைகிறது என்பதையும் அதே குழுவினர் பிறகு காட்டினார்கள். கழுத்து வலிக்குக் காலர் போட்டுக்கொண்டு தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

போன் தலையும் லேப்டாப் தலையும்

இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான் பல வழிகாட்டிகள் செய்யும் தவறு. மின்சார ரயிலில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை போனைப் பார்த்துக்கொண்டே போகிறவரின் தலை கீழே தொங்குகிறது. மோவாய் நெஞ்சுக்கு அருகில் இருக்கிறது. அவருடைய தாடை சற்று முன்னால் வருகிறது; முன்பற்கள் உரசிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பாரம் முழுவதும் பின்கழுத்துத் தசைகள்மேல்.

லேப்டாப்பில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று முகத்தைத் திரைக்கு நீட்டுகிறவரின் கழுத்து கீழ்ப்பகுதியில் குனிந்து, மேல்பகுதியில் அண்ணாந்திருக்கிறது. இவருக்குத்தான் மேலே சொன்ன தரைக்கயிற்று இழுப்பு. தாடை பின்னால் போகிறது, கடைவாய்ப் பற்கள் தொடுகின்றன, கவனம் கூடக்கூட பல்லைக் கடிக்கவும் ஆரம்பிக்கிறார். என் கணிப்பில், தாடைக்கு இந்த இரண்டாவது நிலைதான் அதிகத் தொல்லை. அதுவும் டெட்லைன் நாட்களில்.

வாட்ஸாப்பில் சுற்றும் "போனைப் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம்" என்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்கு அது. 60 டிகிரி குனிந்தால் வரும் விசை. கணக்கின் திசை சரி. ஆனால் யார் கழுத்திலும் தராசு வைத்து அளந்ததல்ல. பயமுறுத்துவதற்கு அதைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதே நேர்மையோடு இதையும் சொல்லிவிட வேண்டும். தலை முன்னால் இருப்பவர்களுக்கெல்லாம் தாடை வலி வருவதில்லை. தாடை வலி உள்ளவர்களின் தலை நிலையை அளந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. மன அழுத்தம், தூக்கமின்மை, பல் கடிக்கும் பழக்கம், பழைய அடி, மூட்டுவாதம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தலை நிலை அவற்றில் ஒன்று. ஆனால் காசு செலவில்லாமல் நாமே மாற்றக்கூடிய ஒன்று அது என்பதால்தான் இவ்வளவு பேச்சு.

படி 1: வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

பயிற்சிக்கு முன் இதைப் படித்தே ஆக வேண்டும்.

- நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடையில் வலி வந்து, நின்றால் குறைகிறது. அல்லது நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு தாடை வலிக்கிறது. இது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். 108ஐக் கூப்பிடுங்கள்.
- காய்ச்சல், கன்ன வீக்கத்தோடு வாய் திறக்க முடியவில்லை. ஞானப்பல் பக்கம் சீழ் வைத்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
- கொட்டாவி விட்ட பிறகு திறந்த வாய் மூடவில்லை. மூட்டு விலகியிருக்கிறது. நீங்களே தள்ளிப் பார்க்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.
- 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டுத் தலைவலி, சாப்பாட்டை மெல்லும்போது தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்கல். அரிதானதுதான், ஆனால் தாமதித்தால் பார்வைக்கே ஆபத்து.
- கைகளில் மரத்துப்போதல், பிடிப்பு குறைதல், நடையில் தள்ளாட்டம், அல்லது விபத்துக்குப் பின் வந்த கழுத்து வலி. இதற்கும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பாக்கு, குட்கா, மாவா போடுகிறவருக்கு வாய் திறப்பு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தால், காரம் பட்டாலே வாய் எரிந்தால், உள்கன்னம் வெளுத்துத் தடித்திருந்தால், அது கழுத்து விவகாரமே இல்லை. வாய்க்குள் நார் படியும் நோய் அது. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. எந்தப் பயிற்சியும் செய்யாமல் நேரே பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

வலியில்லாமல் வெறும் 'டக்' சத்தம் மட்டும் இருக்கிறதா? வாய் முழுதாகத் திறக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. அந்தச் சத்தத்தை நாளெல்லாம் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள்.

படி 2: உங்கள் அளவுகளை எடுங்கள்

வீட்டில் யாரையாவது உங்களைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். போஸ் கொடுக்கக் கூடாது. வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுப்பதுதான் உண்மை சொல்லும். காதுத் துளை தோள் மூட்டின் நடுவுக்கு நேர் மேலே அல்லது சற்றே முன்னால் இருந்தால் சரி. மூன்று நான்கு விரற்கடை முன்னால் இருந்தால் கவனிக்க வேண்டிய நிலை.

அடுத்து சுவர்ச் சோதனை. குதிகாலைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, புட்டமும் முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். மோவாயைத் தூக்காமல் பின்தலை சுவரைத் தொடுகிறதா? அண்ணாந்தால்தான் தொடுகிறது என்றால் மேல்முதுகும் கழுத்தும் இறுகியிருக்கின்றன.

இனி தாடை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே செங்குத்தாக வைத்துப் பாருங்கள். மூன்று விரலும் நுழைந்தால் திறப்பு சரி. ஸ்கேல் வைத்து அளந்தால் பெரியவர்களுக்குப் பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர். 35க்குக் கீழே என்றால் குறைவு. எப்போது அளந்தாலும் ஒரே தலை நிலையில் அளக்க வேண்டும். தலையை முன்னால் நீட்டிக்கொண்டு திறந்தால் அதிகமாகவும், மோவாயை உள்ளிழுத்துக்கொண்டு திறந்தால் குறைவாகவும் காட்டும். இதுவும் அளந்து பார்த்து உறுதியான விஷயம். போன வாரத்தைவிட இந்த வாரம் திறப்பு கூடிவிட்டது என்று சந்தோஷப்படுமுன் தலை எங்கே இருந்தது என்று யோசியுங்கள்.

கண்ணாடி முன் மெதுவாகத் திறங்கள். மோவாய் நேர்கோட்டில் இறங்குகிறதா, ஒரு பக்கம் வளைந்து போய்த் திரும்பி நடுவுக்கு வருகிறதா, ஒரு பக்கமே போய் நின்றுவிடுகிறதா? கடைசி வகை என்றால், அந்தப் பக்க மூட்டு சரியாகச் சறுக்கவில்லை என்று அர்த்தம். மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்து, முதலில் நிமிர்ந்தும் பிறகு லேப்டாப் பார்க்கும் தோரணையிலும் உட்கார்ந்து பாருங்கள். இரண்டாவது நிலையில் சிலருக்குக் கன்னத்துத் தசை லேசாக இறுகுவது கைக்கே தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று கவனித்தால் போதும்.

படி 3: வாய்க்குள் ஓய்வு நிலை

எல்லாப் பயிற்சியையும் விட முக்கியமானது இதுதான். ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உதடுகள் மூடியிருக்க வேண்டும். பற்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி. நாக்கு நுனி மேலண்ணத்தில். எந்த இடம் என்று மற்ற மொழிக்காரர்களுக்குப் படம் போட்டு விளக்க வேண்டும். நமக்கு "அவன்" என்று சொல்லி, கடைசி 'ன்'னில் நின்றால் போதும். நுனி தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அதுதான். 'ந்' சொல்லிப் பாருங்கள், பல்லைத் தொட்டுவிடும், அது வேண்டாம். 'ண்' இன்னும் பின்னால் போய் நாக்கு மடங்கிவிடும், அதுவும் வேண்டாம். 'ன்'னில் நின்று, நாக்கின் மற்ற பகுதியையும் மெதுவாக அண்ணத்தோடு பொருந்தவிட்டு, மூக்கால் மூச்சுவிடுங்கள்.

பலர் பற்களைச் சேர்த்து வைத்திருப்பதுதான் இயல்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாடு, விழுங்குதல் எல்லாம் சேர்த்தும் ஒரு நாளில் பற்கள் தொட வேண்டிய மொத்த நேரம் அரை மணிக்கும் குறைவு என்பதுதான் பல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மானிட்டர் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கண் படும்போதெல்லாம் "பல் தொடுகிறதா?" என்று ஒரு கேள்வி. ஸ்கூட்டரில் சிக்னலுக்குச் சிக்னல் இதையே செய்யலாம். அண்ணா சாலையில் போகிறவர்களுக்குப் பயிற்சிக்குக் குறைவே இருக்காது.

மூக்கடைப்பு இருந்தால் இந்த நிலை நிற்காது. வாயால் மூச்சுவிடுபவரின் தலை தானாகவே முன்னால் போய் அண்ணாந்துகொள்ளும். காற்றுப்பாதையைத் திறக்க உடம்பு செய்யும் உபாயம் அது. முதலில் மூக்கைக் காதுமூக்குத்தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் தள்ளிப்போடவே வேண்டாம்.

படி 4: இடத்தை மாற்றுங்கள்

லேப்டாப்பின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். அதற்குப் பழைய தடிப் புத்தகங்கள் போதும்; தனிக் கீபோர்டும் மவுஸும் மட்டும் வாங்க வேண்டியிருக்கும். எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். முகம் திரையை நோக்கி நீளுவதற்குப் பாதிக் காரணம் சின்ன எழுத்து.

நாற்பதைத் தாண்டிய பலருக்கு இன்னொரு காரணம் கண்ணாடி. பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதியில்தான் கிட்டப் பார்வை இருக்கிறது. அதன் வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கியே ஆக வேண்டும். நாள் முழுக்க இப்படியே. இவர்கள் திரையைக் கண் மட்டத்தைவிடச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்வது நல்லது. அல்லது கண் மருத்துவரிடம் திரை தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி கேட்கலாம். கழுத்துப் பயிற்சி மாதக்கணக்கில் செய்தும் பலன் இல்லை என்பவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மூக்குமேல் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

போனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ்ஸிலும் கேபிலும் சிறுசேரிவரை தூங்கிக்கொண்டே போகிறவர்கள் கழுத்துத் தலையணை ஒன்றைப் பையில் வையுங்கள். தலை தொங்கி, வாய் பிளந்து, வண்டி குலுங்கிக் குலுங்கிப் போகும் அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தால் கழுத்துக்கும் நிம்மதி இல்லை, தாடைக்கும் நிம்மதி இல்லை.

ஹெல்மெட் கன்னத்தை அழுத்தி உள்கன்னம் பல்லுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது என்றால் அளவு தவறு. அளவை மாற்றுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். குப்புறப் படுத்து முகத்தை ஒரு பக்கம் திருப்பித் தூங்குவதை நிறுத்துங்கள்; மல்லாந்தோ, கழுத்து நேராக இருக்கும் உயரத்தில் தலையணை வைத்து ஒருக்களித்தோ படுக்கலாம். கன்னத்துக்குக் கை முட்டுக் கொடுத்துக்கொண்டு யோசிப்பதும் வேண்டாம்.

படி 5: பயிற்சிகள்

சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரொகபாடோ வகுத்த முறை உலகம் முழுக்கப் பிரபலம்: ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு முறை, ஒரு நாளைக்கு ஆறு வேளை. நல்ல முறைதான். ஆனால் ஆறு வேளை என்றதும் பாதிப் பேர் ஆரம்பிப்பதே இல்லை. காலை காபி, மதியச் சாப்பாடு, இரவுப் படுக்கை என்று மூன்று வேளையில் ஒழுங்காகச் செய்தாலே போதும் என்பது என் கட்சி. கீழே இருப்பவற்றில் சில அவருடைய முறையைத் தழுவியவை. எல்லாவற்றிலும் பற்கள் விலகியே இருக்க வேண்டும்.

மோவாயை உள்ளிழுத்தல். நேராக உட்கார்ந்து, பார்வையை நேரே வைத்து, மோவாயைத் தரைக்கு இணையாகப் பின்னால் நகர்த்துங்கள். கீழே குனியக் கூடாது, மேலேயும் பார்க்கக் கூடாது. இரட்டை மோவாய் விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள். ஆறு முறை. இதில் பலர் செய்யும் தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுப்பது. பாதி பலம் போதும். இது பயிற்சி மட்டுமே. நாளெல்லாம் போலீஸ் அணிவகுப்பு மாதிரி மோவாயை உள்ளே வைத்திருந்தால் வாய் திறப்பும் குறையும், புதிதாக ஓர் இறுக்கமும் வரும்.

படுத்துத் தலையாட்டுதல். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, கழுத்துக்கடியில் சின்ன துண்டைச் சுருட்டி வையுங்கள். தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்று மிக மெதுவாகத் தலையசைப்பது போல் மோவாயைக் கொஞ்சம் இறக்கி, பத்து விநாடி நிறுத்துங்கள். கழுத்தின் பக்கவாட்டில் உள்ள கயிறு போன்ற தசை புடைத்தால் அதிகம் அழுத்துகிறீர்கள். அந்தப் பெரிய தசை வேலை செய்யாமல், உள்ளே இருக்கும் ஆழத் தசைகள் வேலை செய்ய வேண்டும். பார்க்க ஒன்றுமே செய்யாதது போலிருக்கும். கழுத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

நாக்கை ஒட்டித் திறத்தல். நாக்கு நுனியை அதே 'ன்' இடத்தில் வைத்து, அது விடுபடாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுங்கள். நாக்கு மேலே இருக்கும்வரை தாடை அதிகம் சறுக்காமல் சுழல மட்டுமே செய்யும். கண்ணாடியில் பார்த்து, மோவாய் நேராக இறங்குகிறதா என்று சரிசெய்தபடியே ஆறு முதல் பத்து முறை. சத்தம் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்துங்கள்.

லேசான எதிர்ப்பு. வாய் சற்றே திறந்திருக்க, இரண்டு விரலை மோவாயில் வைத்து வலப்பக்கம் தள்ளுங்கள். தாடை நகராமல் பிடித்துக்கொள்ளட்டும். ஐந்து விநாடி. பிறகு இடப்பக்கம், பிறகு மேல்நோக்கி. விரல் நகம் வெளுக்குமளவு அழுத்தினால் அது அதிகம்.

தோளும் நெஞ்சும். தோள்பட்டைகளைப் பின்னாலும் கீழேயும் இழுத்து ஐந்து விநாடி. அப்புறம் வாசலின் நிலைச்சட்டத்தில் இரு கைகளையும் ஊன்றி, ஓரடி முன்வைத்து நெஞ்சை விரித்து முப்பது விநாடி. தோள் சரிந்திருக்கும்வரை தலை முன்னால்தான் இருக்கும். ஹையாய்டுக்குக் கீழே போகும் தசைகளில் ஒன்று தோள்பட்டை எலும்பிலிருந்து வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

செய்யும்போது தலைசுற்றல் வந்தாலோ, தாடை மாட்டிக்கொண்டாலோ, மறுநாள்வரை வலி கூடியிருந்தாலோ நிறுத்திவிடுங்கள். வலி குறைய நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள்.

படி 6: சாப்பாடும் கொட்டாவியும்

வலி இருக்கும் வாரங்களில் இட்லி, பொங்கல், தயிர் சாதம், நன்றாக வெந்த காய். முறுக்கு, தட்டை, கமர்கட், பொங்கல் சமயத்துக் கரும்பு, பிரியாணி எலும்பு எல்லாவற்றுக்கும் கொஞ்ச நாள் விடுமுறை. சூயிங்கம் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மெல்லுங்கள். டிவியையோ போனையோ பார்த்து ஒரு பக்கம் திரும்பியபடி சாப்பிடுவதைத் தவிருங்கள்.

தண்ணீரை அண்ணாந்து குடிப்பது நம் பழக்கம். தலையை முழுக்கச் சாய்த்துக்கொண்டு எச்சில் விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்று தெரியும். விழுங்கும்போது ஹையாய்டு மேலே எழ வேண்டும். கழுத்து முன்புறம் இழுத்துப் பிடித்திருக்கும்போது அது தடுமாறுகிறது. தாடையும் கழுத்தும் வலிக்கும்போது வாய் வைத்தே மெதுவாகக் குடியுங்கள். எச்சில் பண்ணக் கூடாது என்று பாட்டி திட்டினால் தனி டம்ளர் வைத்துக்கொள்ளலாம்.

கொட்டாவி வரும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மோவாய்க்கடியில் முஷ்டியை முட்டுக் கொடுங்கள். திறப்பு அளவோடு நிற்கும். கன்னத்தில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து பதினைந்து நிமிடம் கொடுத்த பிறகு பயிற்சி செய்தால் எளிதாக இருக்கும்.

படி 7: யாரிடம் போவது

ஆறு வாரத்தில் மாற்றம் இல்லை, அல்லது திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே நிற்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். கழுத்துக்குப் பிசியோதெரபி அரசுப் பொது மருத்துவமனைகளிலும் உண்டு. பல் மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அறிந்திருந்தால் நல்லது. அந்த இணைப்பை நீங்கள்தான் செய்துகொடுக்க வேண்டியிருக்கும்.

இரவில் பல் கடிப்பவர்களுக்கு, தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு தருவார்கள். அது பல்லைக் காக்கும், தசைக்கும் கொஞ்சம் ஓய்வு தரும், கழுத்தைச் சரிசெய்யாது. தாடை வலிக்காகப் பற்களைத் தேய்த்துக் கடியையே மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். தேய்த்த பல் திரும்ப வராது. இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

பல் அடைத்த பிறகு நீல நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள் அல்லவா? பெரும்பாலும் நாற்காலி சாய்ந்திருக்கும்போதே அது நடந்துவிடும். ஆரம்பத்தில் மின்விசிறியைப் பார்த்துத் தட்டிய சோதனை சொன்னது போல, சாய்ந்த தலையில் கடி வேறு, நிமிர்ந்த தலையில் கடி வேறு. எழுந்து நேராக உட்கார்ந்தும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். எந்த நல்ல மருத்துவரும் தவறாக நினைக்க மாட்டார்.

போகும்போது பக்கவாட்டுப் போட்டோ, தேதியோடு குறித்த வாய் திறப்பு அளவுகள், பழைய எக்ஸ்ரே, போட்டுக்கொண்டிருக்கும் நைட் கார்டு, தினமும் போடும் கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். வலி காலையில் அதிகமா, வேலை முடிந்த மாலையில் அதிகமா என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். காலையில் என்றால் இரவுப் பல் கடிப்பின் பக்கமும், மாலையில் என்றால் மேசையின் பக்கமும் முதலில் தேடுவார்கள்.